இலை போட்ட மெடல்கள்

ட்ரையரிலிருந்து இறங்கும் தேயிலையின் வாசனை சட்டையில் ஏறினால் எத்தனை துவைத்தாலும் போகாது. வெர்னரின் பார்சலைப் பிரித்தால் மட்டும் வேறு வாசனை வரும்... புகையிலையும் மெஷின் ஆயிலும் கலந்த ஒன்று.

எழுபதுகளில் குமுளிக்கு மேலே ஒரு டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். புது ட்ரையர் மாட்ட ஜெர்மனியிலிருந்து வந்த இன்ஜினீயர்தான் வெர்னர். மாட்டி முடிக்க மழைக்காலம் முழுக்க ஆனது. அவருடைய டூல் பாக்ஸில் ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு கறுப்புச் சிலுவை மெடல் கிடந்தது. என்னவென்று கேட்டேன். வேண்டுமென்றால் வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்.

அப்படிப் பிடித்த கிறுக்கு.

அவர் ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. நான் ஏலக்காயும் தபால்தலையும் அனுப்புவேன். அவர் மெடல் அனுப்புவார். எல்லாமே இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பல வருஷம் கழித்துச் செய்தவை. யுத்த காலத்து மெடலில் நாஜிகளின் ஸ்வஸ்திக் இருக்கும். அதோடு அணிய அங்கே சட்டம் விடவில்லை. அதனால் பழைய சிப்பாய்களுக்காக அதை எடுத்துவிட்டு, சிலுவையின் நடுவே இலைக்கொத்து வைத்துப் புதிதாகச் செய்தார்கள்.

ஃபேக்டரி ஃபிட்டர் முத்தையாவுக்கு இது போதும்.

"ஏலே, சண்டையில வாங்குனது ஒண்ணாவது இருக்கா? எல்லாம் டூப்ளிகேட்டுல்லா."

டூப்ளிகேட் இல்லை, அதே சிப்பாய்களுக்குச் செய்ததுதான் என்று விளக்கினால் இன்னும் சிரிப்பான். எனக்கு எரியும். ஒரே ஒரு ஒரிஜினல்... அதை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும். தூங்கும்போதும் அதே நினைப்பு.

வெர்னருக்கு எழுதிக் கேட்டேன். ட்ரையரை சர்வீஸ் செய்ய வரும்போது தன் தம்பியுடையதைக் கொண்டுவருவதாகப் பதில் போட்டார். தம்பி யுத்தத்திலிருந்து திரும்பவில்லை. மெடல் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது என்றிருந்தார்.

அவர் வந்தது ஆயுத பூஜை சமயத்தில். ஃபேக்டரியை நிறுத்தியிருந்தார்கள். ரோலருக்கும் ட்ரையருக்கும் மாலை, சந்தனம், வாழைக்கன்று. அவரை நேராக என் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனேன்.

எனக்குக் கல்யாணமான புதிது. செல்வி பூஜையை முடித்திருந்தாள். என் டெஸ்டர், கட்டிங் பிளேயர், அவளுடைய தையல் மெஷின்... அந்த வரிசையில் என் மெடல்கள். துடைத்து அடுக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும், இலை இருந்த இடத்துக்கு மேலேயே, குங்குமத்தால் அழகாக ஒரு ஸ்வஸ்திக். போடியில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பம் அவளுடையது. பூஜை என்றால் தராசிலிருந்து கல்லாப்பெட்டி வரை அந்தக் குறியைப் போட்டுத்தான் பழக்கம்.

துடைத்துவிடத் துண்டைத் தேடினேன். அதற்குள் வெர்னர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். பார்த்தார். பிறகு மெடலைக் காட்டி, ஏன் என்று செல்வியைக் கேட்டார்.

"சண்டைக்குப் போனவுக சாமானு தொரை. ஆயுத பூசைக்கு வைக்காம இருக்கலாமா? இந்தக் குறி போட்டா நல்லபடியா வீடு வந்து சேருவாக."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் பாக்கெட்டிலிருந்து தம்பியின் மெடலை எடுத்தார். வெள்ளி விளிம்பு, கறுப்புச் சிலுவை... நடுவில் அது. செல்வி எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, இதுல அவுகளே போட்டிருக்காக பாருங்க."

என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அதற்குள் என் கை நீண்டிருந்தது. அவர் மெடலை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"இந்த வீட்டுல அந்தக் குறி இன்னும் நல்லதா இருக்கு" என்றார் தன் உடைந்த இங்கிலீஷில். "அப்படியே இருக்கட்டும்."

திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். செல்வி கொடுத்த பொரியையும் சுண்டலையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இவள் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று செல்வியிடம் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை. அவர் சொன்னது எனக்கே புரிய வருஷங்கள் ஆனது.

அன்று ஒரு பார்சலுக்கு மாசக்கணக்கில் காத்திருந்தேன். இன்று மெடல் சேர்ப்பவர்களுக்கு ஃபோனிலேயே குரூப் இருக்கிறது. யுத்த காலத்து ஒரிஜினல், விற்பனைக்கு என்று படம் போடுகிறார்கள். ஸ்வஸ்திக் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் வைத்து எடுத்த படம். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். பென்ஷனில் ஒன்று வாங்கலாம்தான். வாங்கவில்லை... பெரிதாக்கிப் பார்ப்பதோடு சரி.

இது யாருடைய மெடல் என்று ஒருமுறை கேட்டேன்.

"மின்ட் கண்டிஷன் சார், ஒரு கீறல் கிடையாது" என்று பதில் வந்தது.