ஈர வேட்டி

கடலூர் கடற்கரையில் காவலர் விசில் ஊதி, சிவப்புக் கொடியைத் தாண்டிக் குளித்தவர்களைக் கரைக்கு அழைத்தார். எனக்கு வேறொரு விசில் கேட்டது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம். இதே கடலில் குளித்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு வேனில் திரும்பினோம். எலவனாசூர்கோட்டை அருகே சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். விசில் ஊதி நிறுத்தியவர் கையில் அரிவாள். ஜன்னலில் காயப்போட்டிருந்த ஈர வேட்டிகளைப் பார்த்தார்.

“எங்க போய்ட்டு வரீங்க?”

ஊரே மறியலில் நிற்கும்போது, கடலில் குளிக்கப் போனோம் என்று எப்படிச் சொல்வது? அப்பா, “அண்ணன் தவறிட்டாருங்க. சாம்பல் கரைச்சிட்டு வரோம்” என்றார்.

அரிவாள் வைத்திருந்தவர் தலைத்துண்டை அவிழ்த்தார். கிளைகளை இழுத்து வழிவிட்டார்கள். பின்சீட்டில் இருந்த அந்த அண்ணன், என் பெரியப்பா, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உண்மையாகவே அழுதார்.

இப்போது என் மகன் ஈரத்துண்டைக் கார் ஜன்னலில் தொங்கவிட்டான்.

“மொதல்ல அத உள்ள எடு” என்றேன்.