வெட்டப்படாத ரீல்

கார் பந்தயத்திலேயே உயிரைவிட்ட ஒருவரின் வாழ்க்கையைப் படமாக எடுத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்து வந்தோம். வந்ததும் என் மகள் போனை எடுத்து, அந்தப் படத்தைத் திட்டி எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டினாள். எல்லோருடைய கோபமும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நின்றது. அந்த விபத்தை ஒழுங்காகக் காட்டவில்லையாம். இயக்குநருக்குத் துணிச்சல் போதவில்லை என்று ஒருவர் முடித்திருந்தார்.

நான் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கிறவன் இல்லை. படித்ததும் ஐந்தாவதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். படம் நல்ல படம். இதே போன்ற ஒரு படத்தை என் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அத்தை அப்பாவுக்குத் தங்கை. மாமா லாரி டிரைவர். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஷெட்டுகளுக்கு வெள்ளை மண் ஏற்றிவருவார். ஒருநாள் விடியற்காலையில் சேத்தியாத்தோப்பு பாலத்துக்கு முன்னால் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மாமாவுக்கு மாதா கோயிலில் வருசப் பூசை வைக்கும்வரை கோயிலுக்கும் வேலைக்கும் தவிர வெளியே போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் டீயைக் குடித்துவிட்டு விபத்தைச் சொல்லாமல் ஒருவரும் எழுந்ததில்லை. எப்படிப் புரண்டது, கண்ணாடி எங்கே குத்தியது, மாமா எப்படிக் கிடந்தார் என்று அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். ஒருவரும் நேரில் பார்த்தவர் இல்லை. மாதம் போகப் போக லாரி இன்னும் அதிகமாகப் புரண்டது. அத்தை வேலை பார்த்த ஷெட்டிலும் இதே கதைதான். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் ஓடும் கோட்டை ஈரப் பஞ்சால் துடைப்பது அவள் வேலை. பக்கத்தில் துடைக்கிறவளும் அதைத்தான் சொல்வாள். அத்தை ‘ம்’ கொட்டுவாள்.

அந்த ஷெட் சுவரில்தான் படத்தின் போஸ்டரை ஒட்டினார்கள். வெளிநாட்டில் நிஜமாக வாழ்ந்த ஒரு பந்தய வீரனின் கதை. தமிழில் பேசவைத்திருந்தார்கள். போஸ்டரில் கார் ஒன்று தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. அந்தப் படத்துக்குப் போகிறேன் என்றாள் அத்தை.

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். “வருசப் பூசை முடியல. அதுக்குள்ள சினிமாவா? அதுலயும் கார் எரியற படமா?”

“ஆளாளுக்குச் சொல்றத கேட்டுக்கிட்டே கெடக்கறேன், அண்ணே. ஒருதடவ பாத்துட்டே வந்துடறேன்.”

“ஊரு என்னா பேசும்?”

“இப்ப மட்டும் பேசாமயா இருக்குது?”

அம்மா எனக்குச் சட்டையை மாட்டி அவளோடு அனுப்பிவிட்டாள்.

ஞாயிறு மதியக் காட்சி. போஸ்டரின் புண்ணியத்தில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைசிப் பந்தயம் வந்ததும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். கார் வளைவை நெருங்க நெருங்கப் பிடி இறுகியது. என் விரல்கள் மரத்துப்போயின. கார் வளைவில் திரும்பியது. அவ்வளவுதான். அடுத்து, வீட்டில் அவன் மனைவி ஒரு கோப்பையைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கிறாள். அதற்கடுத்து அவன் கார் நிற்கும் கொட்டகை, கார் இல்லாமல். வேலைக்காரர்கள் பேசாமல் சாமான்களை எடுத்து வைக்கிறார்கள். படம் முடிந்துவிட்டது.

அரங்கமே கத்தியது. “ரீல வெட்டிட்டான்டா!” சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆபரேட்டர் ரீலை வெட்டுவான் என்பது எங்கள் ஊரில் வேதவாக்கு. “போஸ்டருல எரியுது, படத்துல எங்கடா?” என்று ஒருவர் பெஞ்சின் மேல் ஏறினார். ஆபரேட்டர் பனியனோடு இறங்கி வந்து, “மாரியாத்தா சத்தியமா வந்ததே இவ்ளோதான்யா” என்று தலையில் அடித்துக்கொண்டான். நம்பினவர் யாருமில்லை. நானும் நம்பவில்லை. இவ்வளவு தூரம் கூட்டிவந்து முக்கியமானதைக் காட்டாமல் விடுவார்களா?

அத்தை மட்டும் என் கையை விட்டுவிட்டு, வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அடுத்த ஆட்டத்துக்கு வரிசை நின்றது. வெளியே வருகிறவர்களிடம் படம் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஊரில் டிக்கெட் எடுப்பார்கள். “தேறாது. சாவக் காட்டவேயில்ல. வூட்டுக்குப் போங்க” என்று பெஞ்சில் ஏறியவர் தீர்ப்புச் சொல்ல, வரிசை கலையத் தொடங்கியது.

அத்தை நின்றாள். மாமா போனபிறகு நாலு பேர் முன்னால் அவள் பேசி நான் கேட்டதில்லை.

“ஒண்ணும் வெட்டல. நல்ல படம். போயி பாருங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். “தோ பார்றா! ரேஸப் பத்தி ஒனக்கு என்னாம்மா தெரியும்?”

“லாரிக்காரன் பொண்டாட்டிங்க நானு. வண்டி ஓட்டறவன் எப்புடி செத்தான்னு எனக்கு நெறய பேரு சொல்லியாச்சி. நீங்க ஒருத்தரு பாக்கி. சொல்றீங்களா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வரிசையில் இருந்த சில பெண்கள் டிக்கெட் எடுத்தார்கள்.

செய்தி எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. “தியேட்டர் வாசல்ல நின்னு வம்பு பேசினியாமே?” என்றார் அப்பா.

“ஆமா. நாளைக்கும் போறேன்.”

அன்று சாயங்காலம் துக்கம் கேட்க ஒரு உறவுக்காரர் வந்தார். டீயைக் குடித்துவிட்டு, “அந்த லாரி இருக்குதே...” என்று ஆரம்பித்தார். அத்தை அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். “போயிட்டு வாங்க பெரியப்பா” என்றாள். அவர் போய்விட்டார்.

மறுநாள் ஷெட் விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போனாள். அரங்கில் பாதி பெஞ்சு காலி. பார்த்த படத்தையே மறுநாளும் எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்கு வழியெல்லாம் யோசனை. தியேட்டருக்குள் நுழைந்ததும் பிடிபட்டுவிட்டது. நேற்று அத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள். ஆபரேட்டர் இன்றைக்காவது வெட்டாமல் போடுவான். அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள்.

கடைசிப் பந்தயம் வந்தது. நானாகவே கையை நீட்டினேன். அத்தை அதைப் பிடிக்கவில்லை. மடியில் பொட்டலத்தைப் பிரித்துவைத்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கார் வளைவை நெருங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டினேன்.

மாதாவே, எங்க அத்த ரெண்டு தடவ டிக்கெட்டு எடுத்துட்டாங்க. இன்னிக்காவது அத முழுசா காட்டிடச் சொல்லு.