மாடிப்படியில் ஏற்றிய மெஷின் கன்

கொரோனா கெடுபிடியெல்லாம் அடங்கின மறுவருடம் அமீரகத்தில், புஜைராவில் நடந்தது இது. என் கணவர் அங்கே ஒரு எண்ணெய்க் கிடங்கில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் நர்ஸ். அங்கே போனபிறகு வீட்டோடு இருந்தேன்.

கணவருடைய மேலதிகாரியும் தமிழர்தான், சென்னைக்காரர். பழைய ராணுவ மெஷின் கன்களைச் சேர்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு மோகம். எல்லாமே குழலை அடைத்து, உள்பாகங்களை வெல்டிங் வைத்து, இனி சுடவே முடியாதபடி ஆக்கிய துப்பாக்கிகள். முறையாக அனுமதி வாங்கித்தான் வைத்திருந்தார். அதில் நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்களையும் இன்னும் இரண்டு குடும்பங்களையும் டீ சாப்பிடக் கூப்பிட்டார். புதிதாக வந்திருந்த ஒன்றைக் காட்டத்தான் அந்த அழைப்பு. கார் ஷெட்டில் நின்றிருந்தது. இரும்புச் சக்கரம், முன்னால் கனமான தகடு, பார்க்கவே ஒரு குட்டி வண்டி மாதிரி. அதை எங்கள் கண் முன்னாலேயே மாடி ஹாலுக்கு ஏற்றவேண்டும் என்று, லீவு நாளில் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து இரண்டு தொழிலாளிகளை வரவழைத்திருந்தார். ஒருவர் பீகார்க்காரர். இன்னொருவர் சிவகங்கைப் பக்கம், முப்பது வயசு இருக்கும்.

இரண்டு பேரும் சைட்டில் போடுகிற சேஃப்டி ஷூவோடு வந்திருந்தார்கள். படியில் கால் வைக்கப் போகும்போது மேலதிகாரி தடுத்தார். "ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்கப்பா, மார்பிள் கீறிடும்" என்றார். கழற்றினார்கள். வெறும் காலோடு, வழவழவென்றிருந்த அந்தப் படியில், அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நாங்கள் கீழே நின்று வேடிக்கை பார்த்தோம்.

திருப்பத்தில் பீகார்க்காரருக்குக் கை நழுவியது. சக்கரம் சிவகங்கைக்காரர் கால்மேல் இறங்கி, துப்பாக்கி சுவரில் இடித்து நின்றது. அவர் கத்தக்கூட இல்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மேலதிகாரி ஓடினார். எனக்கு அந்த நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது, அடிபட்டவரைத்தான் பார்க்க ஓடுகிறார் என்று நினைத்தேன். அவரைத் தாண்டிப் போய்த் துப்பாக்கியின் தகட்டைத் தடவிப் பார்த்து, "ஐயோ, ஓரம் வளைஞ்சுடுச்சே" என்றார்.

நான் படியேறிப் போய்க் காலைப் பார்த்தேன். பெருவிரல் நசுங்கியிருந்தது. துப்பட்டாவை எடுத்து இறுக்கிக் கட்டிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றேன்.

"ஆஸ்பத்திரி எதுக்கும்மா? எங்க அடிபட்டுதுன்னு கேப்பாங்க, போலீஸ் வரும். பேப்பரெல்லாம் கரெக்டா இருக்கு, ஆனா இத்தனை துப்பாக்கியப் பார்த்தா ஆயிரம் கேள்வி வரும். டிரைவர் கேம்ப்ல விட்டுடுவான். அங்க முதலுதவி இருக்கு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லட்டும்."

மேலதிகாரி இதை நிதானமாகச் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட ஆத்திரம், அடிபட்டவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்க்கா, வலிக்கல. சார் கோச்சுக்குவாரு" என்றது. உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. வலிக்கவில்லையாம்.

"இவரை நான் கூட்டிட்டுப் போறேன் சார்" என்றேன். "உங்க வீட்டுக்காரர் என்கிட்டதான் வேலை பார்க்கறார், மறந்துடாதீங்க" என்றார். என் கணவர் பொதுவாக யாரையும் எதிர்த்துப் பேசாதவர். அவர் என்ன சொல்லுவாரோ என்று பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன். அவர் வெளியே போய்க் காரை வாசல்படி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலையாளி நர்ஸ் எப்படி அடிபட்டது என்று கேட்டார். அடிபட்டவர் என்னைப் பார்த்தார். நடந்ததை நடந்தபடியே நான் சொன்னேன். போலீஸ் வந்தது. மரியாதையாக விசாரித்துக்கொண்டு, அந்த வீட்டுக்கும் போய் அனுமதிச் சீட்டுகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். ஆயிரம் கேள்வியெல்லாம் யாரும் கேட்கவில்லை. இதற்காகவா ஒரு மனிதனைக் கேம்ப் கட்டிலில் போட்டுவிடப் பார்த்தார்?

விரலைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். கேம்ப்பிலேயே இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கலாம் என்றார் டாக்டர். உண்மை பதிவாகிவிட்டதால் கம்பெனியால் அவரை ஊருக்கு அனுப்பிக் கைகழுவ முடியவில்லை. குணமானதும் ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். என் கணவரைத்தான் ஆபீஸில் ஓரங்கட்டினார்கள். மீட்டிங்குக்குக் கூப்பிடுவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஷார்ஜாவில் வேறு வேலை தேடிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

புஜைராவை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு பொங்கல் விழாவில் அந்த மேலதிகாரியை மறுபடி பார்த்தேன். சுற்றி நின்றவர்களிடம், வளைந்த தகட்டை நிமிர்த்த வெளிநாட்டிலிருந்து ஆள் வரவழைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "அந்தத் தம்பி இப்ப எப்படி இருக்காருன்னு விசாரிச்சீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்துவிட்டு, "எந்தத் தம்பி?" என்றார்.

நான் அங்கிருந்து வந்துவிட்டேன். எத்தனையோ கோபங்கள் வந்து ஆறிப்போயிருக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் ஆறவிடக்கூடாது என்று நானே பொத்திவைத்திருக்கிறேன், ஏனென்றால் இது ஆறிவிட்டால் நானும் ஒருநாள் அப்படிக் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.