மூன்று சீட்டுக்கு ஒரு வண்டி

சங்கரன்கோவில் கார் ஸ்டாண்டில் கருத்தப்பாண்டி பத்தொன்பது வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் கைபடாத வண்டி எங்கள் ஊரில் குறைவு. ஆனால் சொந்தமென்று சொல்ல அவரிடம் ஒரு பழைய மொபெட்டைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவரைத்தான் துணைக்கு அழைத்துப் போவார்கள். பானெட்டைத் திறந்து, கண்ணை மூடி, இரண்டு நிமிஷம் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். பிறகு "எடுக்கலாம்" என்பார். இல்லையென்றால், "வாங்க அண்ணாச்சி, ஒரு டீயக் குடிச்சிட்டு ஊருக்குப் போவோம்" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர் தமக்காக ஒரு வண்டி பார்க்கப் போனபோது பானெட் பக்கமே போகவில்லை. நேராகப் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்து சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். தரகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் கழித்து, அவருக்கும் சங்கரேஸ்வரிக்கும் ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்தன. கோமதி, காவியா, முகிலன். எட்டாம் மாசத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டதால் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மாசாமாசம் கண், காது, எடை என்று காட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

கார் முதலாளி வண்டியைக் கொடுத்துவிடுவார். கருத்தப்பாண்டி ஓட்ட, பின்னால் சங்கரேஸ்வரி மடியில் ஒன்று, அவள் தங்கை ராஜகுமாரி மடியில் ஒன்று. மூன்றாவதுக்குத் தெருவில் யாராவது ஒருத்தியைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். சங்கரேஸ்வரிக்குக் கை மரத்துப்போகும், ஆனாலும் பிள்ளையைப் பக்கத்தில் போடப் பயம். கருத்தப்பாண்டி நாற்பதுக்கு மேல் மிதிக்கமாட்டார். லாரிக்காரன் பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போவான்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மஸ்கட்டில் நர்ஸாக வேலை பார்க்கும் சாஜிதா பானு லீவில் ஊருக்கு வந்திருந்தாள். மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போக கருத்தப்பாண்டியின் வண்டியைப் பேசினாள். காலையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால், அவள் புருஷன் ஒரு பெரிய பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். எட்டு மாசப் பிள்ளைக்கான கார் சீட்டு. அதை வண்டியின் பெல்ட்டால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஆனால் பெல்ட்டை மாட்டும் லாக்கு, எல்லா வாடகை வண்டியிலும் இருப்பதுபோலவே, சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடந்தது.

"பானும்மா, பிள்ளைய மடியில வச்சுக்கிட்டா போச்சு. இந்தா இருக்கு மதுர," என்றார் கருத்தப்பாண்டி.

"அண்ணே, லாக்கு வெளிய வராம நான் ஏறமாட்டேன்," என்றாள் சாஜிதா பானு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பிளேடால் உறையைக் கீறி லாக்கை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. கருத்தப்பாண்டி முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தார். கரிவலம்வந்தநல்லூர் தாண்டி ஒரு வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே ஏறியது. பிரேக்கை மிதித்து ஸ்டீயரிங்கை ஒடித்தார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. ஸ்டீயரிங் இடித்து அவருக்கு நெஞ்சு எலும்பில் கீறல். முன்னால் இருந்த சாஜிதாவின் புருஷனுக்கு மூக்கு உடைந்து ரத்தம். அவளுக்குத் தோளில் பெல்ட் பதிந்து கன்றிப்போய்விட்டது. பிள்ளை மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சத்தத்தில் முழித்தது, இரண்டு பக்கமும் பார்த்தது, பிறகுதான் அழுதது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"அன்னைக்கு நான் சொன்னத அவ கேட்டிருந்தா, நான் இன்னைக்கு எப்படி மனுசனா நடமாடுவேன்?" என்று ஸ்டாண்டில் அடிக்கடி சொல்வார். மற்ற டிரைவர்கள் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். எத்தனையோ பிள்ளைகள் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் நின்றபடியே ஊர் போய்ச் சேர்ந்துகொண்டுதானே இருக்கின்றன.

மூன்று பிள்ளைகளும் முதல் பிறந்தநாளைத் தாண்டியதும் அவர் மஸ்கட்டுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். பிள்ளைகள் பிறந்ததைச் சொல்லி, கார் சீட்டு எங்கே கிடைக்கும் என்று சாஜிதா பானுவிடம் கேட்டார்.

"மூணுமா அண்ணே? அல்ஹம்துலில்லாஹ்! எங்க ரெண்டாவது பிள்ளைக்கு வாங்கின சீட்டு ஒண்ணு, நாத்தனார் மகளோடது ஒண்ணு, ரெண்டும் நம்ம ஊர் வீட்லதான் இருக்கு. எடுத்துக்கோங்க. சீட்டுக்குப் பின்பக்கம் எத்தன வருசம் வரைக்கும் போடலாம்னு தேதி போட்டிருக்கும், அதப் பாத்துக்கோங்க."

"அன்னைக்கு அந்த வண்டியில இருந்த சீட்டு என்னாச்சும்மா?"

"அத அன்னைக்கே வாரையெல்லாம் அறுத்துக் குப்பையில போட்டாச்சு. ஒரு தடவ அடி வாங்கினத மறுபடி நம்பக் கூடாது. இன்னொண்ணு அண்ணே, ரெண்டு வயசு வரைக்கும் பிள்ளைக பின்பக்கம் பாத்துதான் உட்காரணும். பிரேக் அடிச்சா முதுகு மொத்தமும் தாங்கிக்கிடும், கழுத்து முன்னால வெட்டி இழுக்காது."

மூன்றாவது சீட்டைத் திருநெல்வேலியில் புதிதாக வாங்கினார். இனி அவற்றை வைக்க ஒரு வண்டி வேண்டும். இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததற்கு ஒரு பழைய வேன் வரும் என்று கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டாண்டு நண்பர் மகாராஜாவின் ஆட்டோவில் மூன்று சீட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ராஜபாளையத்தில் பார்த்த முதல் வண்டிக்கு இன்ஜின் தேன் மாதிரி என்றார் தரகர். ஆனால் நடு வரிசையில் இரண்டு சீட்டை வைத்ததும் மூன்றாவது அரை அடி வெளியே நின்றது. தென்காசியில் பார்த்ததில் கடைசி வரிசைக்குப் போக நடு சீட்டை மடக்க வேண்டும். பிள்ளை சீட்டைக் கட்டிவிட்டால் மடக்க முடியாது. கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது என்றால் அம்மா ஜன்னல் வழியாகத்தான் ஏறிக் குதிக்க வேண்டும். இன்னொன்றில் பின்பக்க பெஞ்சு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் போட்டிருந்தது, பெல்ட்டே கிடையாது.

"வே, பத்துப் பேர் உக்காருத வண்டியில மூணு கைப்பிள்ளைக்கு இடம் இல்லன்னா, உமக்கு ரயில் பெட்டிதான் வாங்கணும்," என்றான் மகாராஜா. சிரித்தாலும், ஒவ்வொரு வாரமும் ஆட்டோவோடு வந்து நின்றது அவன்தான்.

நாலாவது வாரம் சங்கரேஸ்வரியும் வருகிறேன் என்றாள். பிள்ளைகளை ராஜகுமாரியிடம் விட்டுவிட்டு, தையல் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே கிளம்பினாள். அவள் ஜாக்கெட் தைக்கிறவள். ஒரு வேனுக்குள் ஏறி நின்று பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்வியை நாலு வாரமாக கருத்தப்பாண்டி கேட்கவே இல்லை.

"எல்லாஞ் சரி. நான் எங்கன உக்காருவேன்?"

"முன்னால, எம் பக்கத்துல."

"மூணும் பின்னால திரும்பி உக்காந்திருக்கும். முகிலனுக்கு ரோட்ல பாதி தூரத்துல வாந்தி வரும். முன்னால இருந்து என் கை எட்டுமா? என் மூஞ்சி தெரியாம கோமதி அழுவாளே, அத நீங்க கேட்டுக்கிட்டே ஓட்டுவீங்களா?"

அவள் கீழே இறங்கி, டேப்பால் அளந்து மண்ணில் கோடு போட்டாள். நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட்டு, நடுவில் ஆள் போகிற வழி. கடைசியில் நீளமான ஒரு சீட்டு. நடு வரிசையில் இரண்டு பிள்ளைகள் பின்னால் பார்த்து உட்கார்ந்தால் நேரே அவள் முகம். மூன்றாவது கடைசி வரிசையில் அவள் பக்கத்தில்.

"இப்படி ஒண்ணு இருந்தா சொல்லுங்க," என்றாள்.

அப்படி ஒன்று திருவேங்கடத்தில் இருந்தது. விதைக்கடை வைத்திருக்கும் ஜஸ்டஸ் என்பவரின் வண்டி. இரண்டு பிள்ளைகளும் கல்லூரிக்கு வெளியூர் போய்விட்டதால் விற்கிறார். போனதும் கருத்தப்பாண்டி வழக்கம்போலப் பின்கதவைத் திறந்தார். ஜஸ்டஸ் எதுவும் கேட்கவில்லை. மூன்று சீட்டையும் பார்த்துவிட்டு, "வெயிலா இருக்கு, வண்டிய வேம்பு நிழலுக்கு எடுத்துருதேன். பதட்டமில்லாம மாட்டிப் பாருங்க," என்றார்.

நடுவில் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. அடியில் பிடித்து ஆட்டியும் ஒரு விரல் அளவுகூட நகரவில்லை. கடைசி வரிசையில் வலது பக்கம் மூன்றாவதும் நின்றது. சங்கரேஸ்வரி இடது பக்கம் உட்கார்ந்து கையை நீட்டினாள். மூன்று சீட்டுக்கும் கை எட்டியது. அவள் முகத்தைப் பார்த்து கருத்தப்பாண்டி சிரித்துவிட்டார்.

கடைசியாக அவள் பக்கத்துப் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அப்படி இழுத்தால் அது இறுகிப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். பெல்ட் கயிறு மாதிரி வந்துகொண்டே இருந்தது.

"அந்த மூலையில யாரும் உக்காந்ததே இல்ல அண்ணாச்சி, நான் பாக்கவே இல்ல," என்றார் ஜஸ்டஸ், சங்கடத்தோடு.

"எனக்குத்தான? பரவால்ல, நான் கம்பியப் பிடிச்சுக்கிடுதேன்," என்றாள் சங்கரேஸ்வரி.

"ஏட்டி, பிரேக் அடிச்சா நீ பறந்து போய்ப் பிள்ள மேலதான விழுவ? அப்புறம் அதுக்குச் சீட்டு எதுக்கு?" குரல் உயர்ந்துவிட்டது. உடனே தணித்துக்கொண்டு, "உனக்கு ஒண்ணுன்னா நாங்க நாலு பேரும் எங்கன போவோம்?" என்றார்.

அந்த நேரத்தில் ராஜபாளையத்துத் தரகர் ஒருவர் வந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். "பெல்ட்டாவது ஒண்ணாவது. பணம் கையில இருக்கு, சாவியக் குடுங்க," என்றார். கருத்தப்பாண்டி சீட்டைக் கழற்றத் தொடங்கினார். இந்த மாதிரி இடத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று பத்தொன்பது வருஷமாகப் பார்த்தவர் அவர்.

ஜஸ்டஸ் வீட்டு வாசலைப் பார்த்தார். அவர் மனைவி சுந்தரபாய் மோர் கொண்டு வந்தவள் அப்படியே நின்றாள். "அவங்க மாட்டின சீட்டக் கழட்டச் சொல்லாதீங்க. பெல்ட்ட மாத்திக் குடுத்தா என்ன?" என்றாள்.

ஜஸ்டஸ் தரகரிடம், "வண்டி இவங்களுக்கு முடிஞ்சிட்டு அண்ணாச்சி," என்றார். கருத்தப்பாண்டியிடம், "ஒரு வாரம் பொறுங்க. திருநெல்வேலியில சொல்லிப் புதுப் பெல்ட் மாட்டி நானே கொண்டுவந்து விடுதேன். நீங்க வெடுக்குன்னு இழுத்துப் பாத்துச் சரின்னு சொன்னாப் போதும்," என்றார்.

கருத்தப்பாண்டி மோரை வாங்கிக் குடித்தார். பிறகு, "இன்ஜின் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டார். அதுவரை அவர் அதைக் கேட்கவே இல்லை. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஜஸ்டஸ் சொன்னபடியே எட்டாம் நாள் வண்டியோடு வந்தார். கருத்தப்பாண்டி புதுப் பெல்ட்டைப் பத்துத் தடவையாவது இழுத்தார். பத்துத் தடவையும் பிடித்தது. வண்டியைக் கோவில் வாசலில் நிறுத்தி, அம்மன் சன்னதிக்குப் போய் நின்றவருக்கு வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. சாஜிதா பானு, மகாராஜா, ஜஸ்டஸ், சுந்தரபாய் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லி, இவர்கள் நல்லா இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ராஜகுமாரி வரவில்லை, தெருவில் யாரையும் கூப்பிடவில்லை. தேவர்குளம் வரைக்கும் கோமதியும் காவியாவும் அம்மாவைப் பார்த்துக் கத்திக்கொண்டு வந்தார்கள். முகிலன் வாந்தி எடுத்தான். சங்கரேஸ்வரி உட்கார்ந்த இடத்திலிருந்தே துடைத்தாள். அதற்குப் பிறகு பின்னால் சத்தம் நின்றுவிட்டது.

மானூர் நெருங்கும்போது கருத்தப்பாண்டி கண்ணாடியில் பார்த்தார். மூன்றாவது சீட்டின் மேல் தலையைச் சாய்த்துச் சங்கரேஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அவள் பகலில் தூங்கி அவர் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகும் அவர் அவளை உடனே எழுப்பவில்லை. டோக்கன் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது. வண்டியை மரநிழலில் நிறுத்தி, ஏசியை அணைக்காமல், நாலு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.