பங்களாப் பேய்க்கு வக்காலத்து

டுட்டோரியலில் இங்கிலீஷ் நான்-டீடெய்ல் எடுப்பவன், கைடு சொன்னதைச் சொல்லும் வரைக்கும் வாத்தியார். அதற்கு மேல் சொன்னால் வம்புக்காரன். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட சக வாத்தியார்களே, என் கதையைக் கேளுங்கள்.

எண்பதுகளில், பம்பாய் டைப்பிஸ்ட் வேலையை விட்டுவிட்டு நாற்பத்தேழு வயதில் மதுரைக்குத் திரும்பினேன். டுட்டோரியலில் எனக்குக் கிடைத்த பாடம் ஒரு பேய் நாவல். சீமையில் ஒரு பங்களா. எஜமானன் வேலைக்காரியின் கழுத்தை நெரித்துத் தோட்டத்தில் புதைத்துவிடுகிறான். அவள் பேயாக வந்து அவன் வாரிசுகளை ஒவ்வொருவராகத் தீர்க்கிறாள். கடைசியில் ஒரு பாதிரியார் அவளை விரட்டுகிறார். கைடின்படி மையக்கருத்து: தீமையை நன்மை வெல்லும். வில்லி: பேய்.

வில்லி யார்?

கைடில் இருந்ததை அப்படியே போர்டில் எழுதினேன். போன தடவை இதே பேப்பரில் தவறியவர்கள்தான் வகுப்பு முழுக்க. எல்லோரும் காப்பி பண்ணிக்கொண்டிருக்க, அலங்காநல்லூர்ப் பாண்டி மட்டும் பேனாவை மூடி வைத்தான். “ஏன் சார், கழுத்த நெரிச்சவன விட்டுப்பிட்டு, செத்தவள வில்லிங்கிறீக?”

பொங்கல் வைக்காத குற்றம்

தமிழ், இங்கிலீஷ் இரண்டும் படித்தவன் நான். பாண்டி கேட்டதற்காக அன்று ராத்திரி நாவலை மறுபடி புரட்டினேன். மறுநாள் கைடை மூடிவிட்டு, அந்த வேலைக்காரி ஏன் பேயாகத் திரும்பி வந்தாள் என்று வகுப்பைக் கேட்டேன். அவனியாபுரம் செல்வி எழுந்தாள். அவர்கள் வீட்டுத் தெய்வமே அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண்தானாம். கொன்றவன் வம்சம்தான் முதல் பொங்கல் பானை வைக்க வேண்டுமாம். “இவுக என்னடான்னா பங்களாவப் பூட்டிட்டு லண்டனுக்குப் போயிட்டாக. வருசத்துக்கு ஒரு பொங்கல் வச்சிருந்தா அந்தக் குடும்பத்துக்கே காவலா இருந்திருப்பா சார்!”

பாதிரியார் கேட்காதது

பாதிரியார்தான் ஹீரோ என்பதைக் கோரிப்பாளையம் ரஹ்மத் ஒப்புக்கொள்ளவே இல்லை. தர்காவுக்குப் பேய் பிடித்தவர்களைக் கூட்டிவருவதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறவன். “அங்க எடுத்ததும் ‘ஒனக்கு என்னம்மா வேணும்’னுதான் கேப்பாங்க சார். இந்தாளு புஸ்தகம் முழுக்க அத ஒரு வார்த்த கேக்கலையே!”

பிரின்சிபால் எழுதியது

இதையெல்லாம் நல்ல இங்கிலீஷில் கோத்து நோட்ஸாகக் கொடுத்துவிட்டேன். பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். “பேப்பர் திருத்துறவன் கைடத்தான் சார் தேடுவான். பிள்ளைக பெயிலானா நீங்க வேற எடம் பாத்துக்கிற வேண்டியதுதான்.” அடுத்தவன் வார்த்தையை டைப் அடித்தே எனக்கு ஆயுசில் பாதி போயிருந்தது. “அவள வில்லின்னு இனிமே நான் எழுத மாட்டேன். வேணும்னா நீங்களே வந்து எழுதிப் போடுங்க” என்றேன்.

வந்தார். “கைட எழுதித்தான சார் போன தடவ பெயிலானோம்?” என்று பாண்டி கேட்டதைக் காதில் வாங்காமல், போர்டில் ‘வில்லி’ வரைக்கும் எழுதினார். கரண்ட் போய் ஃபேன் நின்றது. மதுரையில் மத்தியானம் கரண்ட் போவது என்ன புதிதா? ஆனால் செல்வி மெதுவாக, “செவ்வாக்கிழம சார்” என்றாள். சாக்பீஸ் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. எழுதியதை உள்ளங்கையாலேயே அழித்தார். அந்தச் சுண்ணாம்புக் கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாக்பீஸ் என் கைக்கு வந்தது. “ஒங்க பாடத்த நீங்களே எடுங்க சார், எனக்கு எதுக்கு வம்பு?”

அந்தப் பரீட்சையில் செல்வியும் ரஹ்மத்தும் தேறி, பாண்டி மட்டும் மறுபடி பெயிலாகி முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான் என்றாலும், எங்கள் போர்டில் அவளை வில்லி என்று எழுத அதற்கப்புறம் ஒரு கையும் துணியவில்லை.