தாம்பரம் முதல் படப்பை வரை: என் ரிசீவர் தோற்ற கதை

2006 மே மாதம், ஒரு சனிக்கிழமை. ஊர் சுற்றப் போகவில்லை. ஓடும் வண்டியில் செல்போன் சிக்னலைப் பதிவுசெய்து சோதிக்கப் போனோம். இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் நேராக வந்து சேராது. கட்டடத்திலும் லாரியிலும் மோதிச் சிதைந்துதான் வரும். அதனால் நமக்கு முன்பே தெரிந்த சில குறிகளைச் செல்போன் கோபுரம் இடையிடையே அனுப்பும். அவை எப்படிக் கெட்டு வந்திருக்கின்றன என்று பார்த்து, வந்த வழியை, அதாவது சேனலை, போனிலுள்ள ரிசீவர் கணித்தால்தான் மற்றதைப் படிக்க முடியும். என் முறை ஆரம்பத்தில் ஒரே தடவை கணிக்கும். உடன் வேலை செய்யும் ஷாஹிதாவின் முறை, வண்டி நகர்ந்து வழி மாற மாற, கணிப்பைத் திருத்திக்கொண்டே போகும். சிமுலேட்டர் என்னும் கம்ப்யூட்டர் சோதனையில் ஜெயித்தது என்னுடையது. வெள்ளிக்கிழமை மேனேஜர் ஷாஹிதாவின் ஒன்றரை வருட உழைப்பைத் தூக்கிப் போட்டு, அவரையும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார். சிக்னலைப் பதிவுசெய்யும் கருவியை இயக்கத் தெரிந்தவர் அவர்தான் என்பதால் சனிக்கிழமை மட்டும் வரச் சொன்னார்கள்.

காலை 7.10க்கு மேற்குத் தாம்பரத்தில் கிளம்பினோம். படப்பைக்குச் சுமார் பதினான்கு கிலோமீட்டர். வேன் வாடகை 1,100 ரூபாய், டீசல் தனி. முடிச்சூர் தாண்டுவதற்குள் என் முறையை ஓட்டிய லேப்டாப் திரை முழுக்கப் பிழை. டிரைவர் மேல் பாய்ந்தேன்.

“மெதுவா ஓட்டுங்கண்ணா!”

“இதுக்கு மேல மெதுவான்னா எறங்கித் தள்ளிகினுதான் போவணும் சார். வூட்ல குந்திகினு பேசவா செல்போனு?”

மண்ணிவாக்கத்தில் வண்டியை நிறுத்தி, கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். ரோட்டைத் திட்டினேன். ஷாஹிதா அதே பதிவைத் தன் முறையில் ஓட்டினார். பிழை மளமளவென்று குறைந்தது. பிறகு என் சோதனை நிரலைத் திறந்தார்.

“முரளி, இது கணிக்கவே இல்லையே. சிமுலேட்டர்ல இருக்கற நிஜ சேனலை அப்படியே எடுத்துக்குது. செக் பண்றதுக்காக ஆன் பண்ணதை ஆஃப் பண்ணலையா?”

பண்ணவில்லை. மூன்று மாதமாக. அவர் பரீட்சை எழுதினார். நான் விடைத்தாளைப் பார்த்து எழுதியிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

8.25க்குப் படப்பை. மேனேஜருக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

“ரிப்போர்ட் போயிடுச்சுப்பா. இப்ப எதையும் கிளறாத.”

கடைத்தெரு திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். திங்கட்கிழமை எழுத்திலேயே தருவேன் என்றேன், தந்தேன். மாற்றல் ரத்தாகவில்லை.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்கு முன்பே கிளம்புங்கள், லாரிகள் குறைவு. லேப்டாப்புக்கு இரண்டாவது பேட்டரி அவசியம். டிரைவரைத் திட்டும் முன் உங்கள் நிரலைப் படியுங்கள். படப்பையிலிருந்து தாம்பரத்துக்குப் பேருந்து வரும்வரை இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். ஷாஹிதா திரும்ப வேனில் ஏறாமல் நிறுத்தத்தில் நின்ற அந்த இருபது நிமிடமும் நான் வேனுக்குள்தான் உட்கார்ந்திருந்தேன்.