வண்டி சூடு ஆறும் வரைக்கும்

பக்கவாதம் வந்து படுத்தவர்களை வீடு வீடாகப் போய் நடக்க வைப்பது அவள் தொழில். "நடங்க, இன்னும் ரெண்டே எட்டு, நடங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, 'நடங்கக்கா' என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அவளுடைய காருக்கோ நடப்பதே ஆகாது. பதினாறு வருடத்து வண்டி. ஒரே மாதத்தில் பேட்டரி செத்தது. இறங்கிய கண்ணாடி ஏற மறுத்தது. சைலன்சர் நடுரோட்டில் கழன்று உருண்டது.

"ஊரையே நடக்க வைக்கிற, உன் வண்டி மட்டும் படுத்தே கிடக்கு. எடைக்குப் போட்டுத் தொலை" என்று அண்ணன் பார்க்கும்போதெல்லாம் சொன்னார்.

அவள் அசையவில்லை. புருஷன் போன பிறகு, நாற்பத்தெட்டு வயதில், "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்ற அத்தனை வாய்களுக்கு நடுவில் ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி அது. அது மக்கர் செய்கிற நாளில் அழுவதில்லை என்று ஒரு வைராக்கியம். மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு உருளைக்கிழங்கு வறுப்பாள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பழைய சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டுவிடுவாள். "வண்டி படுத்தா நானும் படுக்கணுமா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஆபரேட்டர் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் வண்டி புகை கக்கி நின்றது. ஆபரேட்டர், தியேட்டரில் முப்பது வருடம் படம் ஓட்டியவர். இடது கால் இழுத்துக்கொண்டதிலிருந்து வாசற்படி தாண்டவில்லை. ஆறு வாரமாக அவளும் தொண்டை வற்றக் கெஞ்சியாயிற்று. "ஓட்டுன படத்தையெல்லாம் உக்காந்து பார்க்கவே ஆயுசு பத்தாது. நடந்து எங்க போகப்போறேன்?" என்பார்.

மெக்கானிக்குச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால் அண்ணன் போனில் வந்தார். விஷயம் தெரிந்ததும், "அங்கேயே இரு. பழைய வண்டி வாங்குறவரைக் கூட்டிட்டு வர்றேன். இன்னிக்கே முடிச்சிடுவோம்" என்றார்.

"கூட்டிட்டு வாங்க. பாட்டு கேட்டுட்டுப் போகட்டும்!"

போனை வைத்தாள். பானெட்டைத் திறந்துவிட்டு, கதவுகளை அகலத் திறந்து வைத்து, டேப்பை முழுச் சத்தத்தில் போட்டாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். அவித்த முட்டை, ஆறிப்போன உருளை வறுவல். தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

இரண்டாவது பாட்டில் டக், டக் என்று கைத்தடிச் சத்தம். ஆபரேட்டர்! பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வாய் பிளந்தபடி அவர் மகள்.

"யாரு இந்தப் பாட்ட இப்படிக் கொல்றது? டேப் இழுக்குது, காதுல விழல? எவ்ளோ நல்ல குரல், அழுமூஞ்சியா கேக்குது!"

நடந்துவிட்டீர்களே என்று சொன்னால் காரியம் கெட்டுவிடும். முட்டையை மென்றபடியே, "அப்படியா? எனக்கொண்ணும் தெரியலையே. கிட்ட வந்து கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

இன்னும் ஐந்து எட்டு வைத்து வந்து வண்டி சீட்டில் சாய்ந்தார். டப்பாவில் அவரும் கை வைத்தார்.

அப்போதுதான் அண்ணன் வந்து இறங்கினார், கூடவே வண்டி வாங்குபவர். "நடுத்தெருவுல உக்காந்து தின்னுக்கிட்டிருக்கியே, வெட்கமா இல்ல?"

"நின்னது வண்டிதான் அண்ணே, நான் வேலையில இருக்கேன். ஆறு வாரமா படி தாண்டாத மனுஷன் நாலு வீடு நடந்து வந்திருக்காரு. கண்ணைத் திறந்து பாருங்க. வண்டி விற்கிறதுக்கில்ல."

"அதானே!" என்றார் ஆபரேட்டர், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு. தான் நடந்து வந்தது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. தடியையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாங்க வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். அண்ணன் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவரும் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டார். மெக்கானிக் வந்து கிழிந்த ரப்பர் குழாயை மாற்றினான். டேப்பின் உள்ளே பஞ்சு விட்டுத் துடைத்து இழுவையைச் சரிசெய்தது ஆபரேட்டர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனாள். படம் விட்டு வந்து சாவியைத் திருகினால், வண்டி இருமியது. அப்புறம் அதுவும் இல்லை.

"இப்ப என்னக்கா பண்றது?" என்றாள் மகள்.

"என்ன பண்றதா? அடுத்த ஷோவுக்கு மூணு டிக்கெட் எடு."

ஆபரேட்டர் அதற்குள் தியேட்டர் படிகளில் ஏற ஆரம்பித்திருந்தார்.